மடிக்கணினிப் பையின் வரலாறு: இயந்திரத்தின் அளவிலிருந்து உடலின் அளவுக்கு

மடிக்கணினியை எடுத்துச் செல்வதற்கென்றே தைக்கப்படும் பை இன்னும் அரை நூற்றாண்டு வயதை எட்டவில்லை என்றாலும், அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் அதைவிட மூத்த வரலாறு உண்டு. முதுகோடு ஒட்டும் இரட்டைத் தோள்வார் மலையேறிகளிடமிருந்தும், மார்பின் குறுக்கே செல்லும் ஒற்றைவார் மிதிவண்டித் தூதர்களிடமிருந்தும், கிழியாத துணி போர்க்காலக் கவச உடையிலிருந்தும், தட்டையான வடிவம் அலுவலர்கள் காகிதங்களைச் சுமந்து சென்ற கைப்பெட்டியிலிருந்தும் வந்தவை. கணினி எடையிலும் தடிமனிலும் இடைவிடாது சுருங்கி வந்ததும், சுருங்கிய ஒவ்வொரு படியிலும் அதைச் சுமப்பவர் புதியதொரு சிக்கலை எதிர்கொண்டதுமே இவையெல்லாம் ஒரே பையில் வந்து சேர்ந்ததற்குக் காரணம். இன்று கடையில் தொங்கும் பையின் நுரைப்பஞ்சுத் தடுப்பும், தரையைத் தொடாத உள்ளறையும், மார்புவாரும் குறிப்பிட்ட ஒரு காலத்தில் எழுந்த குறிப்பிட்ட ஒரு தேவைக்குக் கிடைத்த விடைகள். எந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்பதை அறிந்தவர் தமக்கு ஏற்ற பையை எளிதாகத் தேர்ந்துவிடுவார் என்பதால், இந்த வரலாறு கடைக்குச் செல்பவருக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது.

பெட்டியே பையாக இருந்த காலம்

எடுத்துச் செல்லக்கூடிய கணினி என்ற எண்ணம், அதை உருவாக்கும் வழி புலப்படுவதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆலன் கே, சிறுவர்களும் கையில் வைத்துப் பயன்படுத்தத்தக்க, ஒரு குறிப்பேட்டின் அளவேயான 'டைனாபுக்' என்ற கருவியை 1972இல் எழுதிய கட்டுரையில் விவரித்தார். ஆனால் அதே மையத்தில் 1970களின் பிற்பகுதியில் உருவான 'நோட்டேக்கர்' என்னும் மாதிரி இயந்திரம் ஏறத்தாழ 22 கிலோ எடை கொண்டதாக அமைந்து, விற்பனைக்கு வராமலே நின்றது. 1975இல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்த 5100 என்ற கணினியும் எடுத்துச் செல்லத்தக்கது என்றே அறிமுகப்படுத்தப்பட்டபோதிலும், 20 கிலோவுக்கு மேற்பட்ட அதன் எடை அதை ஒருவர் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றும் பொருளாக ஆக்கவில்லை.

சந்தையில் வெற்றி பெற்ற முதல் சுமக்கத்தக்க கணினி, 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் அறிமுகமான ஆஸ்போர்ன் 1 ஆகும். லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைத்த இந்த இயந்திரம் 1,795 டாலர் விலையும், சுமார் 11 கிலோ எடையும், 5 அங்குலத் திரையும், இரண்டு நெகிழ்வட்டு இயக்கிகளும் கொண்டிருந்தது. விமானத்தில் பயணியின் இருக்கைக்கு அடியில் அது நுழைய வேண்டும் என்பது வடிவமைப்பின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது. அதன் விசைப்பலகையே திரையையும் இயக்கிகளையும் மூடும் மூடியாகப் பூட்டிக்கொள்ள, பின்புறத்தில் ஒரு கைப்பிடியும் இருந்ததால், மூடியபின் அது கணினி என்பதைவிடப் பயணப் பெட்டி என்றே சொல்லத்தக்க தோற்றம் பெற்றது. பையும் இயந்திரமும் பிரியாமல் ஒரே உடலாக இருந்த காலத்தின் தெளிவான சான்று இது.

இந்த இயந்திரத்துக்குத் தன் பெயரை அளித்த ஆடம் ஆஸ்போர்னின் வாழ்க்கை தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. 1939இல் பாங்காக்கில் பிறந்த அவர், ரமண மகரிஷியின் அடியவரும் 'தி மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவருமான ஆர்தர் ஆஸ்போர்னின் மகன் என்பதால், தம் சிறுவயதின் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில் கழித்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்ந்து, நுண்செயலிகளைப் பற்றிய நூல்களால் அறியப்பட்டு, கணினி நிறுவனம் தொடங்கினார். அந்த நிறுவனம் 1983இலேயே திவாலானது என்றாலும், கணினி மேசையோடு கட்டுண்டிருக்க வேண்டியதில்லை என்ற எண்ணத்தை வணிக உலகம் ஏற்கும்படி செய்த பங்கு அவருடையது. 2003இல் அவர் கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்போர்ன் திறந்த வழியில், ஹூஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட காம்பாக் நிறுவனம் 1983இல் விற்பனைக்கு அனுப்பிய காம்பாக் போர்ட்டபிள், ஐபிஎம் கணினிக்காக எழுதப்பட்ட மென்பொருள்களை இயக்கும் திறத்தால் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் எடை சுமார் 13 கிலோ. இவ்வகைக் கணினிகளில் கண்ணாடிக் குழாயாலான திரை இருந்ததும், அவை பெரும்பாலும் சுவர் மின்னிணைப்பை நம்பி இயங்கியதும், இடம் மாறுவதற்கு ஏற்றவையே அன்றி நடந்துகொண்டே சுமப்பதற்கு ஏற்றவையல்ல என்பதைத் தெளிவாக்கின. முழு எடையும் ஒரே கையில் தொங்கியதால் உடல் ஒரு பக்கம் சாய்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. சுமப்பவரின் உடலைப் பற்றிய சிந்தனை அன்றைய வடிவமைப்பில் கைப்பிடியோடு முடிந்துவிட்டது.

காகிதத்தின் அளவுக்குச் சுருங்கிய கணினி

பை தனிப் பொருளாகப் பிரிவதற்கு, கணினி தட்டையாக வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தைத் தொடங்கியது 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் ஆகும். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பில் மொக்ரிட்ஜ் இதன் திரையைக் கீலில் பொருத்தி, சிப்பியைப் போல மூடி விசைப்பலகையின்மேல் படியுமாறு அமைத்தார். மக்னீசியக் கலவை உலோகத்தாலான கூடும், சுமார் 5 கிலோ எடையும் கொண்ட அது 8,150 டாலருக்கு விற்கப்பட்டு, அமெரிக்க அரசுத் துறைகளிலும் நாசாவின் விண்வெளி ஓடப் பயணங்களிலும் பயன்பட்டது. இன்றைய மடிக்கணினிகள் அனைத்தும் பின்பற்றும் மடிப்பு முறை இதுவே. திரையும் விசைகளும் ஒன்றையொன்று காத்துக்கொண்டபின், வெளிப்புற உறையை வேறொரு பொருளால் செய்ய இயன்றது.

அடுத்த ஆண்டு, ஜப்பானின் கியோசெரா உருவாக்கி அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100, சுமார் 1.4 கிலோ எடையோடும் நான்கு சிறிய பேட்டரிகளால் பல மணி நேரம் இயங்கும் வசதியோடும் வெளிவந்தது. செய்தியைக் களத்திலேயே தட்டச்சு செய்து தொலைபேசி வழியே அலுவலகத்துக்கு அனுப்ப முடிந்ததால் பத்திரிகையாளர்கள் அதை விரும்பினர். அந்தக் கணினியோடு தரப்பட்டது ரெக்சின் போன்ற மெல்லிய பொருளாலான ஓர் எளிய உறை மட்டுமே. இயந்திரம் லேசாக இருந்தால் அதன் உறையும் லேசாக இருந்தாலே போதும் என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. இருப்பினும் திறன் மிகுந்த கணினிகள் அந்த எடையை எட்டுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

1985இல் தோஷிபாவின் டி1100 சுமார் 4 கிலோவாகவும், 1989இல் காம்பாக் எல்டிஇ சுமார் 3 கிலோவாகவும் எடையைக் குறைத்தன. இவற்றுள் எல்டிஇ, அலுவலகக் காகிதத்தின் நீள அகலத்தை ஒட்டிய அளவில் அமைக்கப்பட்டது என்பது பையின் வரலாற்றில் முக்கியமான திருப்பம். காகிதத்தின் அளவு கொண்ட இயந்திரம், காகிதத்துக்காக ஏற்கெனவே செய்யப்பட்டிருந்த எல்லாப் பெட்டிகளிலும் பைகளிலும் நுழைந்துவிடும். வணிகர்களும் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் பல தலைமுறைகளாகத் தூக்கிச் சென்ற பிரீஃப்கேஸ், இவ்வாறு கணினியின் முதல் இருப்பிடமாயிற்று.

ஆனால் பிரீஃப்கேஸ் காகிதத்தைச் சுருங்காமல் காக்க அறிந்திருந்ததே தவிர, மோதலிலிருந்து ஓர் இயந்திரத்தைக் காக்க அறிந்திருக்கவில்லை. கெட்டியான சுவர்களைக் கொண்ட பெட்டிக்குள் தளர்வாகக் கிடந்த கணினி, ஒவ்வொரு அசைவிலும் அச்சுவர்களிலேயே இடித்துக்கொண்டது. இக்குறையை நிரப்பும் தொழிலாகவே மடிக்கணினிப் பை தயாரிப்பு வளர்ந்தது. 1983இல் லண்டனில் தொடங்கப்பட்ட டார்கஸ் நிறுவனம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அக்காலத்தில் பரவிய கறுப்பு நிறக் கிடைமட்டப் பை, மேலே இரண்டு கைப்பிடிகள், கழற்றக்கூடிய ஒற்றைத் தோள்வார், முன்புறத்தில் பேனாவுக்கும் முகவரி அட்டைக்கும் சிறு அறைகள் என்ற அமைப்பால், பிரீஃப்கேஸின் துணி வடிவமாகவே விளங்கியது. நடுவில் நுரைப்பஞ்சு வைத்துத் தைத்த அறையும் சார்ஜருக்கான தனிப் பையுமே அதில் புதியவை.

அளவு பற்றிய ஒரு சிக்கலும் இக்காலத்தில் பிறந்தது. திரையின் அளவு மூலைக்கு மூலை அளந்து அங்குலத்தில் சொல்லப்படுவதால், பைகளும் அந்த எண்ணையே தாங்கி வந்தன. தொடக்கத்தில் 4:3 என்ற விகிதத்தில் ஓரளவு சதுரமாக இருந்த திரைகள், 2000களில் 16:10 என்றும் பின்னர் 16:9 என்றும் அகன்றபோது, ஒரே அங்குல எண்ணைக் கொண்ட இரண்டு கணினிகள் நீள அகலத்தில் வேறுபட்டன. பின்னாளில் திரையைச் சுற்றிய சட்டம் மெலிந்ததால், பழைய 15.6 அங்குலக் கணினியைவிடச் சிறிய உடலில் புதிய 16 அங்குலக் கணினி அமையவும் கூடும். ஆகவே அங்குல எண்ணை மட்டும் நம்பாமல், இயந்திரத்தின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளவுநாடாவால் அளந்து பையின் உள்ளறையோடு ஒப்பிடுவதே சரியான முறை.

துணியும் ஜிப்பும்

கணினி 3 கிலோ எடை கொண்டிருந்த காலத்தில், தடித்த தோலால் செய்த பை அதன்மேல் மேலும் ஒன்றிரண்டு கிலோவைச் சேர்த்தது. தோலின் உறுதியைக் குறைந்த எடையில் தரக்கூடிய பொருள் நைலானில் கிடைத்தது. 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய இந்தச் செயற்கை இழை, இரண்டாம் உலகப்போரில் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் பயன்பட்டது. வெடித்துச் சிதறும் குண்டுகளின் உலோகத் துண்டுகளிலிருந்து விமானப்படையினரைக் காக்கும் மேலங்கிக்காக, தடித்த நைலான் நூலை இரட்டை இரட்டையாகக் கூடைப்பின்னல் முறையில் நெய்த துணி 'பாலிஸ்டிக் நைலான்' எனப்பட்டது. பிற்காலத்தில் அதைவிடச் சிறந்த இழைகள் கவச உடைக்குக் கிடைத்தபோது, தேய்மானத்தைத் தாங்கும் அந்தத் துணி பைத்தொழிலுக்கு வந்து சேர்ந்தது. 1975இல் தொடங்கப்பட்ட டூமி நிறுவனம் 1980களில் அதைப் பயணப் பைகளில் பயன்படுத்திப் புகழ்பெற்றது. டூபாண்ட் அறிமுகப்படுத்திய வணிகப் பெயரான கார்டுரா, சற்றுச் சொரசொரப்பான நைலான் துணியாக முதுகுப்பைகளில் பரவியது.

துணிகளின் தடிமனைக் குறிக்கும் 'டெனியர்' என்ற அலகு, 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடையைக் கிராமில் சொல்வது. பாலிஸ்டிக் நைலானுக்கு 1,050 டெனியர் நூல் வழக்கமாகவும், விலை குறைந்த பைகளுக்கு 600 டெனியர் பாலியெஸ்டர் பரவலாகவும் பயன்படுகின்றன. எண் பெரிதாக இருந்தால் துணி உறுதியானது என்று பொதுவாகக் கொள்ளலாம் என்றாலும், இழையின் வகையும் நெசவின் நெருக்கமும் சேர்ந்தே உறுதியைத் தீர்மானிக்கின்றன. ஒரே டெனியரில் நைலான் பாலியெஸ்டரைவிடத் தேய்மானத்தை அதிகம் தாங்கும், பாலியெஸ்டர் வெயிலில் நிறம் மங்காமல் நிற்கும் என்ற வேறுபாட்டையும் கருத வேண்டும்.

பை நைந்துபோவதற்கு முன் அதன் ஜிப் பழுதாவதே வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விட்கம்ப் ஜட்சன் முயன்று பார்த்த இணைப்பானைச் செம்மைப்படுத்தி, கிதியோன் சுண்ட்பேக் 1917இல் காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய ஜிப்பின் மூலம். 1934இல் ததாவோ யோஷிதா டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம் ஒய்கேகே என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய ஜிப் தயாரிப்பாளராக வளர்ந்தது. உலோகப் பற்களுக்குப் பதிலாக நைலான் இழையைச் சுருளாக வளைத்துத் தைத்த ஜிப், வளைவான வாய்களில் தடையின்றி ஓடுவதால் பைகளில் அதுவே நிலைபெற்றது. ஆனால் ஒரு பேனாவின் முனையைச் சுருள்களுக்கிடையே குத்தினால் அது பிளந்து திறந்துவிடும் என்பதால், இரண்டு ரன்னர்களைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் பொருள் பத்திரம் என்று நம்புவது தவறு.

அதிர்ச்சியைத் தாங்கும் அறை

பைக்குள் நுரைப்பஞ்சு வைக்கும் வழக்கத்தை உறுதிப்படுத்தியது வன்தட்டு இயக்கி எனப்படும் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் காந்தத் தட்டின்மேல், மயிரிழையைவிடப் பன்மடங்கு சிறிய இடைவெளியில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். இயங்கும் நிலையில் ஓர் இடி விழுந்தால் முனை தட்டில் மோதி, எழுதி வைத்த தகவல்கள் அழியும். 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேட் கணினிகளில், கீழே விழுவதை உணர்ந்த நொடியில் முனையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் அமைப்பைச் சேர்த்ததும், 2005இல் ஆப்பிள் அதுபோன்ற ஓர் உணரியைக் கொண்டுவந்ததும், இந்த ஆபத்து எவ்வளவு பெரிதாகக் கருதப்பட்டது என்பதைக் காட்டுகின்றன.

தடுப்புப் பஞ்சின் வேலை, விழும் பொருள் நிற்பதற்கான தூரத்தை நீட்டுவது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கணினி 2 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால், அது புவியீர்ப்பைப் போல் சராசரியாக 500 மடங்கு வேகத்தளர்ச்சியைத் தாங்க வேண்டும். பஞ்சு 1 சென்டிமீட்டர் அமுங்கி இடம் கொடுத்தால் அது 100 மடங்காகக் குறைகிறது. இந்த எளிய கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. தொட்டவுடன் தட்டையாகிவிடும் மென்பஞ்சு பயன் தராது என்பது ஒன்று. பையைத் தரையில் வைக்கும்போது முதலில் அடிபடும் அடிப்பகுதியில்தான் காப்பு அதிகம் வேண்டும் என்பது மற்றொன்று. பக்கவாட்டில் தடித்த பஞ்சை வைத்துவிட்டு, அடியில் வெறும் துணியோடு நின்றுவிடும் பைகள் பல உண்டு. கணினி அறையின் அடி, பையின் அடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே தொங்குமாறு தைப்பதே இதற்கு உரிய தீர்வு. கடையில் கையை உள்ளே விட்டு அறையின் அடியைத் தொட்டுப் பார்த்தாலே இதை அறியலாம்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து 1.36 கிலோ எடையுள்ள மேக்புக் ஏர் கணினியை உருவிக் காட்டியது இந்த வரலாற்றின் அடுத்த திருப்பம். சுழலும் தட்டுக்கு மாற்றாக அசையும் பகுதிகள் ஏதுமில்லாத திண்மநிலைச் சேமிப்பகம் பரவியபோது, இடியால் தகவல் அழியும் அச்சம் பெரிதும் நீங்கியது. மூழ்குநர்களின் உடைக்குப் பயன்பட்டு வந்த நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் செய்த மெல்லிய உறைகள் எங்கும் விற்றன. ஆயினும் மெலிந்த கணினிக்குப் புதிய பகை ஒன்று முளைத்தது. தடித்த மூடி தாங்கிய அழுத்தத்தை மெல்லிய திரை தாங்காது. நெரிசலான பேருந்தில் பை நசுங்கும்போது, உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் சார்ஜரோ தண்ணீர்ப் புட்டியோ திரையை விரிசலிடச் செய்யலாம். எனவே இன்றைய கணினிக்குப் பஞ்சைவிட, வளையாத ஒரு தகடு வைத்த தடுப்பும், சார்ஜருக்குத் தொலைவான தனி அறையும் முக்கியமாகின்றன. 1990களின் கணக்கைக் கொண்டு இன்று பை வாங்குவோர் தவறவிடும் செய்தி இது.

ஒற்றைத் தோளிலிருந்து இரு தோள்களுக்கு

எடையை இரு தோள்களிலும் சமமாகப் பகிரும் முதுகுப்பை மிகப் பழைய கருவி. ஜப்பானில் படைவீரர்களின் முதுகுப்பையிலிருந்து உருவான 'ரண்டோசெரு' 1880களில் பள்ளிச் சிறுவர்களுக்கு உரியதாயிற்று. நார்வேயைச் சேர்ந்த ஓலே பெர்கன் 1900களின் முதல் பத்தாண்டில் முதுகின் வளைவுக்கேற்ற சட்டத்தைப் பையில் பொருத்தினார். 1950களில் கலிபோர்னியாவின் டிக் கெல்டி, அலுமினியச் சட்டத்தோடு இடுப்புவாரையும் சேர்த்து, சுமையைத் தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு இறக்கும் முறையைப் பரப்பினார். 1967இல் சியாட்டிலில் தொடங்கிய ஜான்ஸ்போர்ட், மலையேற்றத்துக்கான சிறு பைகளை வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் மழையிலிருந்து புத்தகங்களைக் காக்க வாங்குவதைக் கண்டு, மாணவர் பைகளில் கவனம் செலுத்தியது. 1982இல் எல்.எல்.பீன் நிறுவனம் புத்தகப் பை என்ற பெயரிலேயே ஒன்றை விற்கத் தொடங்கியது. இவ்வாறு மலையிலிருந்து வளாகத்துக்கு இறங்கிய பை, மாணவர் வேலைக்குச் சென்றபோது அவரோடு அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது.

இடையில் மற்றொரு கிளையும் வளர்ந்தது. நியூயார்க்கில் மிதிவண்டியில் கடிதங்களைக் கொண்டு சேர்த்த தூதர்கள், மார்பின் குறுக்கே அணிந்து, இறங்காமலே முன்னால் திருப்பித் திறக்கக்கூடிய அகன்ற மூடியுள்ள பையைப் பயன்படுத்தினர். 1983இல் தொடங்கிய மன்ஹாட்டன் போர்ட்டேஜும், 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிம்பக்2வும் இவ்வகைப் பையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றன. இணைய நிறுவனங்கள் பெருகிய 1990களின் இறுதியில், பிரீஃப்கேஸின் இறுக்கத்தை விரும்பாத இளைஞர்கள் இதில் கணினியை வைத்தனர். எடுப்பதற்கும் வைப்பதற்கும் இதைவிட வசதியான வடிவம் இல்லை என்றாலும், நீண்ட நேரம் சுமப்பதற்கு இது உகந்ததல்ல. ஒரு தோளில் எடை தொங்கும்போது உடல் மறுபக்கம் வளைந்து சமநிலை தேடுகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தசை ஓய்வின்றி இறுகியே இருக்கிறது.

சுமையின் அளவைப் பற்றிய பொதுவிவாதம் பள்ளிச் சிறுவர்களிடமிருந்தே எழுந்தது. இந்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. பெரியவர்களுக்கு இத்தகைய விதி இல்லை என்றாலும், அதைத் தமக்கும் ஓர் அளவுகோலாகக் கொள்வது நன்று. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 6 கிலோ. கணினி 2 கிலோ, சார்ஜர் அரை கிலோ, தண்ணீர் 1 கிலோ, மதிய உணவு 1 கிலோ என்று சேர்ந்தால், வெறும் பை ஒன்றரை கிலோவை எட்டும்போது எல்லை முடிந்துவிடுகிறது. எனவே வெறும் பையின் எடையைப் பார்க்காமல் வாங்குவது பெரும் பிழை. எடை மிகுந்த பொருள் முதுகோடு ஒட்டியிருந்தால் பின்னோக்கி இழுக்கும் திருப்புவிசை குறையும் என்பதால், கணினி அறை முதுகுப்பக்கத்தில் அமைவதும் வெறும் வழக்கமன்று, இயற்பியல் காரணம் உடையது.

வாயில்களும் வழிப்பறிகளும்

2001க்குப் பின் இறுகிய விமான நிலையச் சோதனை பையின் வடிவத்தை நேரடியாக மாற்றியது. ஊடுகதிர்ப் படத்தில் கணினியை மற்றப் பொருள்கள் மறைக்கக் கூடாது என்பதால் அதை வெளியே எடுத்து வைக்கும் விதி வந்தது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை, கணினி அறை மட்டும் புத்தகம்போல் தனியே விரிந்து படுக்குமாறும், அதன் மேலும் கீழும் உலோகமோ வேறு அறையோ இல்லாதவாறும் அமைந்த பையில் கணினியை உள்ளேயே விட்டு அனுப்பலாம் என்று அனுமதித்தது. முழுவதும் விரியும் பைகள் பெருகியதற்கு இந்த விதியும் ஒரு காரணம். 2017இல் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்காவின் சில விமான நிலையங்களிலிருந்து வருவோர் கணினியைக் கைப்பையில் கொண்டுவர அமெரிக்காவும் பிரிட்டனும் சில மாதங்கள் தடை விதித்தபோது, சரக்கறையில் எறியப்படும் சுமையாகக் கணினி மாற வேண்டியிருந்தது.

லித்தியம் பேட்டரி தீப்பற்றும் இயல்புடையது என்பதால், உபரிப் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் கையோடு மட்டுமே கொண்டு செல்லப்பட வேண்டும் என்பதும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதும் பன்னாட்டு விதிகள். பேட்டரி பொருத்திய பைகளை வாங்குவோர், அதைக் கழற்ற முடியுமா என்று பார்த்தே வாங்க வேண்டும். திருட்டைப் பொறுத்தவரை, கணினிக்கென்றே வடிவமைத்த கறுப்புப் பை தன் உள்ளடக்கத்தைத் தானே அறிவித்துவிடுகிறது. சாதாரண மாணவர் பையின் தோற்றமும், முதுகோடு ஒட்டிய பக்கத்தில் திறக்கும் ஜிப்பும் இதனாலேயே விரும்பப்படுகின்றன.

தமிழ்நாட்டுச் சாலையில்

2000இல் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப வழித்தடமாக மாறியபின், நிறுவனத்தின் முத்திரை பதித்த கணினிப் பை நகரத்தின் அன்றாடக் காட்சியாயிற்று. அதைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தது, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினியோடு பையும் வழங்கப்பட்டது. பல இல்லங்களில் முதல் கணினியும் முதல் கணினிப் பையும் ஒரே நாளில் நுழைந்தன. கணினி பழுதான பின்னும், ஊருக்குச் செல்லும் பையாகவும் தம்பி தங்கையரின் பள்ளிப் பையாகவும் அது தொடர்ந்து உழைத்தது.

இந்த நிலத்தின் தேவைகள் வேறு வகையானவை. இங்கே கணினி பெரும்பாலும் இருசக்கர வண்டியிலும் நெரிசலான பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் பயணம் செய்கிறது. வண்டி ஓட்டுபவரின் முதுகில் பை இறுக்கமாக நிற்க மார்புவார் உதவுகிறது. வடகிழக்குப் பருவமழையில், நீர் விலக்கும் துணி மட்டும் போதாது. தையல் துளைகள் வழியாகவும் ஜிப்பின் வழியாகவுமே நீர் முதலில் இறங்குவதால், அடியறையில் மடித்து வைக்கும் மழையுறை உள்ள பையே சிறந்தது. துணியின் உட்புறத்தில் பூசப்படும் பாலியூரிதேன் படலம், ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில் சில ஆண்டுகளில் நீரால் சிதைந்து, பிசுபிசுத்து உரிந்துவிடுகிறது. பையை ஈரத்தோடு அலமாரியில் அடைத்து வைக்காமல் நிழலில் உலர்த்துவது இதைத் தள்ளிப்போடும்.

தோற்பதனிடும் தொழிலில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பெற்ற இடமும், 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், தமிழ்நாட்டில் தோல் பைக்கு மதிப்பை நிலைநிறுத்தியுள்ளன. தோல் நீண்ட காலம் உழைக்கும், முறையாகப் பேணினால் தலைமுறை தாண்டும். ஆயினும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், எடையும் கூடும் என்பதால், காரில் செல்பவருக்கு ஏற்றது பேருந்தில் நின்று செல்பவருக்கு ஏற்றதாகாது. சாலையோரத்தில் பை தைக்கும் தொழிலாளி ரன்னரை மாற்றியும், அறுந்த வாரை மறுபடி தைத்தும் தரக்கூடிய அமைப்பில் இருப்பதும் ஒரு பையின் தரமே. ஒட்டப்பட்ட பையைவிடத் தைக்கப்பட்ட பை இந்த வகையில் மேலானது.

தேர்வின் வரிசை

இவ்வரலாறு முழுவதிலும் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. தொடக்கத்தில் இயந்திரத்தின் பருமனே பையின் வடிவத்தைத் தீர்மானித்தது. பின்னர் அலுவலகத்தின் மரபும், அதற்குப் பின் இயந்திரத்தின் நுட்பமான உறுப்புகளும், அடுத்து பயணத்தின் வாயில்களும் தீர்மானித்தன. பல கணினிகள் ஒன்றரை கிலோவுக்குள் அடங்கிவிட்ட இன்று, பைக்குள் எடை மிகுந்த பொருள் கணினியாக இல்லாமலும் போகலாம். சுமப்பவரின் உடலே இனி முதல் அளவுகோல்.

எனவே தேர்வும் அந்த வரிசையிலேயே அமைய வேண்டும். நாள்தோறும் எவ்வளவு தூரம், எந்த ஊர்தியில், எவ்வளவு எடையோடு செல்ல வேண்டியிருக்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவோ நடக்கவோ நேர்பவர் இரட்டைத் தோள்வாரையே நாட வேண்டும். முதுகுவலி உடையவர், நடைபாதை சீராக இருக்குமானால், 1970களில் பயணப் பெட்டிகளுக்குப் பூட்டப்பட்ட சக்கரத்தின் உதவியைத் தயங்காமல் ஏற்கலாம். அதன்பின் இயந்திரத்தின் மூன்று அளவுகளும், தொங்கும் அடியும், வளையாத தடுப்பும் பார்க்கப்பட வேண்டும். மூன்றாவதாக மழையும் வெயிலும் திருட்டும், நான்காவதாகவே நிறமும் தோற்றமும் வணிகப் பெயரும் வர வேண்டும். பெரும்பாலான கடைகள் இந்த வரிசையைத் தலைகீழாகவே காட்டுகின்றன. வாங்குபவர் தம் கணினியையும் அன்றாடம் கொண்டு செல்லும் பொருள்களையும் கடைக்கே எடுத்துச் சென்று, பையில் நிரப்பி, தோளில் மாட்டிச் சிறிது நடந்து பார்த்து முடிவு செய்தால், பின்னர் வரும் பல ஆண்டுகளின் தோள்வலியையும் பழுதுச் செலவையும் தவிர்த்துவிடலாம்.